விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "பழைய நினைவுகளை எழுதுங்களேன்" என்றார். ஹாஸ்டல் சாம்பாரையும், மரத்தடி அரட்டையையும் என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. அதனால் நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். இந்தக் கல்லூரியின் வகுப்பறை ஒன்றில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, அரை நூற்றாண்டுக்கு மேலாக என் கூடவே வந்துகொண்டிருக்கிறது. அதற்குப் பதில் எழுத இந்த மலர்தான் சரியான இடம் என்று தோன்றியது.

1970-ம் ஆண்டு. பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. மாதிரித் தேர்வில் 'அமெரிக்க சுதந்திரப் போருக்கான காரணங்களை விவரிக்க' என்று 15 மார்க் கேள்வி. நான் விடுவேனா? மொத்தம் 11 காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, தலைப்பு போட்டு, அடிக்கோடு போட்டு எழுதித் தள்ளினேன். முதல் காரணம், 'ஆங்கிலேயர் விதித்த தாங்க முடியாத வரிச்சுமை'. விடைத்தாள் திரும்பி வந்தபோது அதில் 6 மார்க்தான் இருந்தது.

எழுந்து நின்று ஏன் என்று கேட்டேன். எங்கள் புரொபசர் கோபப்படவில்லை. "காரணமெல்லாம் சரிதான்பா. ஆனா ஒண்ணு சொல்லு. 1773-ல பார்லிமெண்ட் சட்டம் போட்டு தேயிலை விலையைக் குறைச்சுது. வரிச்சுமைதான் பிரச்சினைன்னா, விலை குறைஞ்ச தேயிலையைப் போய் எதுக்குய்யா கடல்ல கொட்டினான்?" என்றார். நான் விழித்தேன். வகுப்பு சிரித்தது. "உட்காரு. யோசிச்சுட்டு வந்து சொல்லு" என்றார்.

நான் போய்ச் சொல்லவே இல்லை. படிப்பு முடிந்தது. வாழ்க்கை என்னைக் கொண்டுபோய்ப் போட்ட இடம், வேடிக்கையைப் பாருங்கள், வரி வசூல் செய்யும் ஓர் அரசு உத்தியோகம்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரி வசூலித்துவிட்டு ஓய்வு பெற்றேன். அந்தக் கேள்விக்கு விடை புத்தகத்தில் பாதியும் உத்தியோகத்தில் பாதியுமாகத்தான் எனக்குக் கிடைத்தது.

வெற்றி கொண்டுவந்த கடன்

கதை ஒரு வெற்றியில் தொடங்குகிறது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் பிரிட்டன் பிரான்சைத் தோற்கடித்தது. கனடா கைக்கு வந்தது. ஆனால் வெற்றியோடு பில்லும் வந்தது. போருக்கு முன் ஏழு கோடிப் பவுண்டுச் சொச்சமாக இருந்த பிரிட்டனின் தேசியக் கடன், போர் முடிந்தபோது 13 கோடியை நெருங்கியிருந்தது. வட்டிக்கு மட்டும் ஆண்டுக்கு 40 லட்சம் பவுண்டுக்கு மேல் வேண்டும்.

போதாக்குறைக்கு, அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிரந்தரமாக நிறுத்துவது என்று லண்டன் முடிவு செய்தது. யார் பணம் கொடுப்பது? பிரிட்டனின் மக்கள் ஏற்கெனவே வரியால் நொந்துபோயிருந்தார்கள். 1763-ல் ஆப்பிள் மதுவுக்கு ஒரு வரி போட்டதற்கே இங்கிலாந்தின் மேற்கு மாவட்டங்களில் கலகம் மூண்டது.

அப்போது பிரதமராக இருந்த ஜார்ஜ் கிரென்வில் கணக்கு வழக்கில் கெட்டிக்காரர். அவர் நினைத்தது நியாயமாகத்தான் தோன்றும். "அமெரிக்காவைக் காப்பாற்றத்தானே போர் செய்தோம்? படையும் அவர்களுக்காகத்தானே நிற்கிறது? செலவில் ஒரு பங்கை அவர்கள் கொடுக்கட்டுமே!" குடியேற்றத்தார் கட்டிய வரி, பிரிட்டனில் இருந்தவர்கள் கட்டியதைவிடப் பல மடங்கு குறைவு என்பதும் உண்மை. ஆக, என் விடைத்தாளின் முதல் காரணம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. 'தாங்க முடியாத வரிச்சுமை' என்று ஒன்று அங்கே இல்லை.

அந்தப் பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். வர்ஜீனியாவில் 1619-லிருந்தே மக்கள் பிரதிநிதிகளின் சபை இருந்தது. மற்றக் குடியேற்றங்களிலும் அப்படியே. அந்தந்த ஊர் வரியை அந்தந்தச் சபைதான் போட்டது. கவர்னர் சம்பளத்தையே சபைதான் ஒதுக்கியது. பிரெஞ்சுக்காரன் தோற்றுப்போனதும், இனி யாரிடமிருந்து காப்பாற்ற இந்தப் பத்தாயிரம் பேர் என்று அவர்கள் கேட்டார்கள். அதே 1763 அக்டோபரில் அரசர் ஓர் அறிக்கை விட்டார். அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது, அது பூர்வகுடிகளின் நிலம் என்றது அது. நிலத்தின் மீது கண்வைத்திருந்த விவசாயிகளும், நிலக் கம்பெனிகளில் பணம் போட்டிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் போன்ற பெரிய மனிதர்களும் முணுமுணுத்தார்கள். நிறுத்தப்போகும் படை நமக்குக் காவலா, அல்லது நம்மைக் காவல் காக்கவா என்ற சந்தேகம் அங்கேதான் முளைவிட்டது.

தூங்கிக்கொண்டிருந்த சட்டம்

சட்டங்கள் புதிதல்ல. 1651 முதலே கப்பல் வணிகச் சட்டங்கள் இருந்தன. புகையிலை, சர்க்கரை போன்ற சரக்குகளை இங்கிலாந்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் விதி. 1733-ல் வந்த ஒரு சட்டம், பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வரும் மொலாசஸுக்கு, அதாவது ரம் காய்ச்சப் பயன்படும் சர்க்கரைக் கழிவுப்பாகுக்கு, காலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டது. கட்டினால் வியாபாரமே படுத்துவிடும். எனவே யாரும் கட்டவில்லை. சுங்க அதிகாரி கையில் கொஞ்சம் வைத்தால் பீப்பாய் இறங்கிவிடும். முப்பது ஆண்டுகள் இப்படியே ஓடின. வசூலான தொகையைவிட வசூலிக்கும் செலவு பல மடங்கு என்று கண்டுபிடித்தவரே கிரென்வில்தான்.

1764-ல் அவர் கொண்டுவந்த சர்க்கரைச் சட்டம் 6 பென்ஸை 3 பென்ஸாகக் குறைத்தது. கவனியுங்கள், குறைத்தது! ஆனால் இந்த முறை வசூலித்தே தீருவது என்று கிளம்பினார்கள். கடற்படைக் கப்பல்கள் ரோந்து சுற்றின. பிடிபட்ட கப்பலின் வழக்கை, ஜூரி இல்லாத கடற்படை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். உள்ளூர் ஜூரி என்றால் உள்ளூர்க்காரனை விட்டுவிடும் என்பது லண்டனின் அனுபவம். அந்த நீதிமன்றத்தில், தான் குற்றமற்றவன் என்று கப்பல்காரன்தான் நிரூபிக்க வேண்டும். தவறாகப் பிடித்துவிட்டாலும், சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது என்று நீதிபதி எழுதிவிட்டால் அதிகாரி மீது நஷ்ட ஈடு கேட்க முடியாது. அதே ஆண்டில், குடியேற்றங்கள் வெளியிடும் காகிதப் பணத்தைச் சட்டபூர்வ நாணயமாக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம். கையில் காசுத் தட்டுப்பாடு இருக்கும் நேரம் பார்த்து இப்படி ஒரு அடி.

இதற்கும் முன்பே, 1761-ல், போஸ்டன் வியாபாரிகள் ஒரு வழக்குப் போட்டிருந்தார்கள். சுங்க அதிகாரிகளுக்கு ஒரு பொதுச் சோதனை உத்தரவு உண்டு. யார் வீடு, எந்தக் கிடங்கு என்று அதில் பெயர் இருக்காது. எந்தக் கதவையும் தட்டலாம், உடைக்கலாம். அரசர் உயிரோடிருக்கும் வரையும், இறந்த பிறகு ஆறு மாதமும் அது செல்லும். ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வக்கீல் அதை எதிர்த்து மணிக்கணக்கில் வாதாடினார். வழக்கு தோற்றது. ஆனால் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜான் ஆடம்ஸ் என்ற இளம் வக்கீல், சுதந்திரம் என்ற குழந்தை அன்றுதான் பிறந்தது என்ற கருத்தில் முதுமையில் எழுதினார். அவர் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி.

பட்டத்துக்கும் முத்திரை வரி

அடுத்தது 1765 மார்ச்சில் நிறைவேறிய முத்திரைச் சட்டம். பத்திரம் எழுத முத்திரைத்தாள் வாங்கிய நமக்கு இது நன்றாகப் புரியும். பத்திரம், உயில், கப்பல் சீட்டு, செய்தித்தாள், பஞ்சாங்கம் என்று எதை அச்சிட்டாலும் எழுதினாலும் முத்திரை பதித்த தாளில்தான் இருக்க வேண்டும். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங். பகடைக்காய் ஜோடிக்கு 10 ஷில்லிங். மாணவர்களே, இதைக் கேளுங்கள்: கல்லூரிப் பட்டச் சான்றிதழுக்கு 2 பவுண்டு! அதையும் பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் கணக்கில் கட்ட வேண்டும்.

பிரிட்டனில் 1694 முதலே முத்திரை வரி இருந்தது. அங்கே யாரும் கலகம் செய்யவில்லை. இங்கும் செய்யமாட்டார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். லண்டனில் பென்சில்வேனியாவின் பிரதிநிதியாக இருந்த பெஞ்சமின் ஃப்ராங்க்ளினே ஏமாந்தார். சட்டம் வந்தாயிற்று, இனி என்ன என்று தன் நண்பர் ஒருவருக்கு முத்திரை விநியோகஸ்தர் வேலையைச் சிபாரிசு செய்தார். அவ்வளவு பெரிய மேதைக்கே சொந்த ஊரின் நாடித்துடிப்பு தெரியாமல் போயிற்று.

கிரென்வில் செய்த தவறு இந்த இடத்தில்தான். அவர் யாரை வம்புக்கு இழுத்தார் தெரியுமா? வக்கீல், பத்திரிகைக்காரர், வியாபாரி, சாராயக்கடைக்காரர். அதாவது ஊரில் எழுதத் தெரிந்தவர்களையும், பேசத் தெரிந்தவர்களையும், அவர்கள் கூடிப் பேசும் இடத்தை நடத்துபவர்களையும் ஒரே சட்டத்தில் சேர்த்து அடித்தார். வேறு யார் அவருக்கு மிச்சம்?

மே மாதம் வர்ஜீனியா சபையில் பேட்ரிக் ஹென்றி எதிர்ப்புத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். ஆகஸ்டில் போஸ்டனில் விநியோகஸ்தர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி மரத்தில் தொங்கியது. அதே மாதம், துணை கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைக் கூட்டம் புகுந்து சூறையாடியது. அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். நவம்பர் 1-ல் சட்டம் நடைமுறைக்கு வர வேண்டும். அதற்குள் விநியோகஸ்தர்கள் ஏறக்குறைய எல்லோரும் ராஜினாமா. ஜார்ஜியாவில் மட்டும் சொற்ப அளவில் முத்திரைத்தாள் விற்றது.

அவர்கள் எழுப்பிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். 1689-ன் உரிமைச் சட்டப்படி, பார்லிமெண்டின் சம்மதம் இல்லாமல் அரசர் வரி போட முடியாது. இங்கிலாந்தில் இருப்பவன் தன் பிரதிநிதி மூலம் சம்மதம் சொல்கிறான். எங்கள் பிரதிநிதி அங்கே யார்? லண்டன் சொன்ன பதில்: "மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் தனியாக உறுப்பினர் இல்லை. பார்லிமெண்டில் ஒவ்வொருவரும் எல்லோருக்காகவும்தான் பேசுகிறார்கள்." அதற்கு அமெரிக்கர்கள் சொன்ன பதில் நறுக்கென்று இருந்தது. மான்செஸ்டர்காரனுக்கு வரி போட்டால், போட்ட உறுப்பினரும் சேர்ந்து கட்டுகிறார். எங்களுக்குப் போட்டால் அவர் பை கனக்கிறது, எங்கள் பை காலியாகிறது. இரண்டும் ஒன்றா?

பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதை நிறுத்தினார்கள். வியாபாரம் படுத்ததால் லண்டன் வியாபாரிகளே மனுப் போட்டார்கள். 1766 மார்ச் 18-ல் சட்டம் வாபஸ். அமெரிக்காவில் வெடியும் விளக்கும்! ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. எந்த விஷயமானாலும் குடியேற்றங்களுக்குச் சட்டம் போடும் முழு அதிகாரம் பார்லிமெண்டுக்கு உண்டு என்று அது பிரகடனம் செய்தது. கொண்டாட்டத்தில் அதை யாரும் சரியாகப் படிக்கவில்லை.

சம்பளம் யார் கொடுக்கிறார்?

1767-ல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் புது வழி கண்டார். "உள்ளூர் வரி வேண்டாம் என்கிறார்களா? சரி, துறைமுகத்தில் வாங்கிக்கொள்வோம்." கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலை ஆகிய ஐந்துக்கும் இறக்குமதி வரி. எதிர்பார்த்த வருமானம் ஆண்டுக்கு வெறும் 40,000 பவுண்டு. அது பெரிய தொகையே இல்லை. விஷயம் எங்கே இருந்தது என்றால், அந்தப் பணத்திலிருந்து கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்கப்படும் என்ற ஷரத்தில் இருந்தது.

உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சம்பளம் யார் கொடுக்கிறார்களோ அவர்கள் முகத்தைத்தான் அதிகாரி பார்ப்பான். அதுவரை கவர்னர், மக்கள் சபையின் முகத்தைப் பார்த்தாக வேண்டியிருந்தது. இனி வேண்டாம். பதினாலு பேர் கூடி முணுமுணுக்கும் சபை எதற்கு என்று கேட்கும் நாள் தூரத்தில் இல்லை என்று அமெரிக்கர்கள் பயந்தார்கள். படைக்கு வேண்டிய பொருள்களை முழுமையாகக் கொடுக்க மறுத்த நியூயார்க் சபையின் சட்டமியற்றும் அதிகாரத்தை நிறுத்திவைத்தும் அதே ஆண்டில் ஒரு சட்டம் வந்ததால், அந்தப் பயம் வெறும் கற்பனையாகவும் இல்லை. டவுன்ஷெண்ட், தன் வரி நடைமுறைக்கு வருவதைப் பார்க்காமலேயே 1767 செப்டம்பரில் காலமானார்.

மீண்டும் அந்நியச் சரக்குப் பகிஷ்காரம். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து ராட்டையில் நூல் நூற்றார்கள். கல்லூரி மலர் என்பதால் ஒரு செய்தி: 1770-ல் நியூ ஜெர்சிக் கல்லூரியில், அதாவது இன்றைய பிரின்ஸ்டனில், மாணவர்கள் எல்லோரும் உள்நாட்டுத் துணிதான் உடுத்தினார்கள். பகிஷ்காரத்தைக் கைவிடச் சொல்லி நியூயார்க் வியாபாரிகள் எழுதிய கடிதத்தை, கறுப்பு அங்கி அணிந்து, மணி அடித்துக்கொண்டு, கல்லூரி முற்றத்தில் வைத்து எரித்தார்கள். இதைத் தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதிச் சொன்ன மாணவர் ஜேம்ஸ் மாடிசன். பின்னாளில் நான்காவது ஜனாதிபதி!

1768 அக்டோபரில் போஸ்டனில் படை இறங்கியது. 1770 மார்ச் 5 இரவு, கூட்டத்தின் மீது வீரர்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். விசித்திரம் என்னவென்றால், அதே மார்ச் 5 அன்றுதான் லண்டனில் நார்த் பிரபு, டவுன்ஷெண்ட் வரிகளை ரத்து செய்யத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒன்றைத் தவிர. தேயிலைக்கு ராத்தலுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் இருக்கட்டும், நமக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு அடையாளமாக! சுட்ட வீரர்களுக்காகக் கோர்ட்டில் வாதாடியவர் யார் தெரியுமா? அதே ஜான் ஆடம்ஸ். ஆறு பேர் விடுதலையானார்கள். இரண்டு பேர் மீது மட்டும் கொலையாகாத மரணத்துக்கான குற்றம் நின்றது. ஊரே கொதித்தபோதும் சட்டப்படி நடந்துகொண்டவர்கள் அவர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஹைதர் அலியும் போஸ்டன் தேயிலையும்

இனி தேயிலை. இந்த இடத்தில் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1769-ல் ஹைதர் அலி தன் குதிரைப்படையோடு சென்னைக் கோட்டையின் வாசல்வரை வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியைத் தன் இஷ்டப்படி சமாதானம் செய்ய வைத்தார். இந்தச் செய்தி லண்டனுக்கு எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. வங்காளத்தில் 1769-70 பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். இராணுவச் செலவு ஏறியது. 1772-ல் லண்டனில் கடன் நெருக்கடி. கம்பெனி திவாலாகும் நிலை. கிடங்குகளிலோ சுமார் ஒரு கோடியே 70 லட்சம் ராத்தல் தேயிலை விற்காமல் கிடந்தது. அது சீனத் தேயிலை. நம் மலைகளில் அப்போது தேயிலைத் தோட்டமே கிடையாது.

கம்பெனியைக் காப்பாற்ற அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. கூடவே 1773 மே மாதத்தில் தேயிலைச் சட்டம். இங்கிலாந்தில் கட்டிய வரி திருப்பித் தரப்படும். இடைத்தரகர் இல்லாமல் கம்பெனியே அமெரிக்காவில் தன் ஏஜெண்டுகள் மூலம் விற்கலாம். இதனால் டச்சுக்காரர்களிடமிருந்து கடத்திவரும் தேயிலையைவிடக் கம்பெனித் தேயிலை மலிவு. அந்த 3 பென்ஸ் மட்டும் அப்படியே. அதையும் எடுத்துவிடுங்களேன் என்று சபையிலேயே நார்த் பிரபுவிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

இப்போது அமெரிக்கர் நிலையிலிருந்து பாருங்கள். மலிவு என்று வாங்கிக் குடித்தால், 3 பென்ஸ் கட்டியதாக ஆகும். கட்டினால், வரி போடும் அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். விலைக்குறைப்பு என்பதே தூண்டில் புழு என்று அவர்கள் எண்ணினார்கள். இரண்டாவது, ஏஜெண்டு வேலை யாருக்குப் போயிற்று? போஸ்டனில் இப்போது கவர்னராகிவிட்ட ஹட்சின்சனின் மகன்களுக்கும் ஒரு பங்கு! ஊர் வியாபாரியும் கடத்தல்காரனும் ஒரே நாளில் பிழைப்பிழந்தார்கள். மூன்றாவது, இன்று தேயிலை என்றால் நாளை எது? பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன், வங்காளத்தில் பஞ்ச காலத்தில் கம்பெனி நடந்துகொண்ட விதத்தைச் சுட்டிக்காட்டி, அதே கம்பெனி இப்போது இங்கே கண் வைத்திருக்கிறது என்று எச்சரித்து எழுதினார். ஆம், வங்காளத்து ஏழைகள் பட்ட பாடு அமெரிக்காவில் விவாதப் பொருளாக இருந்தது.

பிலடெல்பியாவும் நியூயார்க்கும் தேயிலைக் கப்பல்களைத் திருப்பி அனுப்பின. போஸ்டனில் ஹட்சின்சன் விடாப்பிடி. நவம்பர் 28-ல் முதல் கப்பல் வந்தது. இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்கத்துறை சரக்கைப் பறிமுதல் செய்துவிடும். கெடு முடிவதற்கு முந்தின நாள், 1773 டிசம்பர் 16 இரவு, பூர்வகுடிகளைப்போல வேஷம் போட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். நஷ்டம் 9,000 பவுண்டுக்கு மேல். வேறெந்தப் பொருளையும் தொடவில்லை. அடுத்த மாதமே பிரின்ஸ்டன் மாணவர்கள் கல்லூரிக் கிடங்கிலிருந்த தேயிலையை எடுத்து எரித்தார்கள்.

ஒருவன் தப்புக்கு ஊருக்கே தண்டனை

அதற்குப் பிறகும் நிலைமையைச் சரிசெய்திருக்கலாம். எட்மண்ட் பர்க் 1774 ஏப்ரலில் பார்லிமெண்டில் மன்றாடினார், தேயிலை வரியை எடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிப் போவோம் என்று. யாரும் கேட்கவில்லை. நஷ்ட ஈடு கட்டும்வரை போஸ்டன் துறைமுகத்துக்குப் பூட்டு. மாசசூசெட்ஸின் சபை அமைப்பே திருத்தப்பட்டது. கவர்னர் அனுமதி இல்லாமல் ஊர்க்கூட்டம்கூட வழக்கம்போல் நடத்த முடியாது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியை விசாரணைக்கு வேறிடத்துக்கு அனுப்பலாம்.

கொட்டியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். பட்டினி கிடந்தது ஊர் முழுவதும். அதுவரை 'போஸ்டன்காரன் கொஞ்சம் அதிகம்தான் போகிறான்' என்று ஒதுங்கியிருந்த மற்றக் குடியேற்றங்கள், 'இன்று போஸ்டன், நாளை நாம்' என்று அரிசியும் ஆடுமாடுமாக உதவி அனுப்பின. 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவில் பன்னிரண்டு குடியேற்றங்கள் கூடின. 1775 ஏப்ரல் 19-ல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம். 1778-ல் பிரிட்டன், இனி குடியேற்றங்களுக்கு வருமானத்துக்காக வரி போடமாட்டோம் என்றே சட்டம் இயற்றியது. பத்தாண்டு முன்னால் சொல்லியிருந்தால் போதும்!

1781-ல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபுதான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக நம் நாட்டுக்கு வந்தவர். 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் பெற்றவரும் அவரே. ஹைதரின் பெயரும் அங்கே போயிற்று. 1782-ல் டெலவேர் விரிகுடாவில் பிரிட்டிஷ் கப்பலொன்றைப் பிடித்த அமெரிக்கக் கப்பலுக்கு 'ஹைதர் அலி' என்றுதான் பெயர்.

அண்ணாச்சி சொன்ன பதில்

புரொபசரின் கேள்விக்கு வருகிறேன். 1980-களில் ஒரு சிறிய ஊரில் மளிகைக் கடை ஒன்றைச் சோதனை போட்டேன். வருஷா வருஷம் ஒழுங்காக வரி கட்டியவர் அவர். எங்கிருந்தோ வந்த ஒரு மொட்டைக் கடுதாசியை நம்பிப் போனேன். கடை, கிடங்கு மட்டுமல்ல, பின்கட்டிலிருந்த வீட்டு அரிசிப்பானை வரை துழாவினேன். கடைசியில் ஏதோ சில நூறு ரூபாய் வித்தியாசம்.

அவர் சத்தம் போடவில்லை. "ரூவாயைக் கட்டிடறேன் சார், அது பெரிசில்ல. நாளைக்கு நீங்க ஆயிரம் கேட்டாலும் கட்டுவேன். ஆனா இருபது வருஷமா கட்டினவன்கிட்ட, ஏன்யா இப்படின்னு ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியே உங்களுக்கு? என் மருமக முன்னாடி அரிசிப்பானையக் கவுத்துட்டீங்களே சார்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தின அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. மூன்று பென்ஸ் பெரிசில்லை. கேட்காமல் எடுத்ததுதான் பெரிசு. அவர்கள் தேயிலையை விலைக்காகக் கொட்டவில்லை. 'உன்னைக் கேட்க வேண்டியதில்லை' என்று சொன்ன வாயை அடைக்கக் கொட்டினார்கள். மறுநாள் அண்ணாச்சி கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்கப்புறம் ஓய்வு பெறும்வரை, முதலில் விளக்கம் கேட்காமல் யார் பானையையும் நான் தொட்டதில்லை.

மறுபக்கமும் உண்டு

இதோடு நிறுத்தினால் புரொபசர் இன்னும் இரண்டு மார்க் குறைப்பார். சுதந்திரம் பேசிய அந்தக் குடியேற்றங்களில் 1776-ல் இருந்த சுமார் 25 லட்சம் பேரில் ஐந்தில் ஒருவர் அடிமை. அவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? பெண்களுக்கு ஏறக்குறைய எங்கும் ஓட்டு இல்லை. மலைக்கு அப்பால் இருந்த பூர்வகுடிகளுக்கு 1763 அறிக்கை கொடுத்த அரைகுறைப் பாதுகாப்பும் சுதந்திரத்தோடு போயிற்று.

வரி என்னவாயிற்று? புது அரசுக்கும் போர்க்கடன். 1786-ல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் வரியும் கடனும் தாளாமல் கிளர்ந்தார்கள். 1791-ல் விஸ்கிக்கு வரி போட்டதை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியாக்காரர்கள் எழுந்தபோது, 1794-ல் ஜனாதிபதி வாஷிங்டனே படையோடு புறப்பட்டார். அரியணை மாறினால் வரி போய்விடாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது: விஸ்கி வரியைப் போட்டவர்களை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. 1802-ல் அந்த வரியும் ஒழிந்தது.

மாணவத் தம்பி தங்கைகளே, பரீட்சையில் 'காரணங்களை விவரிக்க' என்று வந்தால் பதினொன்றோ பன்னிரண்டோ தாராளமாக எழுதுங்கள், மார்க் வேண்டுமே! ஆனால் எழுதி முடித்ததும், அந்தத் தேயிலை ஏன் கடலுக்குப் போயிற்று என்று உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்களில் பலர் அதிகாரிகளாகவும், மேனேஜர்களாகவும், வீட்டில் பெரியவர்களாகவும் ஆகப்போகிறீர்கள். அப்போது அது உதவும்.

யோசித்துவிட்டு வந்து சொல் என்றார் என் ஆசிரியர். யோசித்து முடிக்க எனக்கு வெகுகாலம் ஆகிவிட்டது. கேட்பதற்கு இன்று அவர் இல்லை. அவர் நின்ற அந்த வகுப்பறை இருக்கிறது. அதனால் இந்த மலர் வழியாக விடைத்தாளை அங்கேயே சமர்ப்பிக்கிறேன்.